எங்கட றோட்டு ஆருட றோட்டு? மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு ஒரு வழிகாட்டி

கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு புதுசா செயலாளரா வந்திருக்கீங்க, இல்லாட்டி கல்யாணம் முடிச்சு படுவான்கரைப் பக்கம் குடிவந்திருக்கீங்க, இல்லாட்டி வெளிநாட்டுல இருந்து வந்து ஊர்ல வீடு கட்டத் தொடங்கியிருக்கீங்க, முதல் மாரியிலேயே வாசல் றோட்டு உடைஞ்சு கிடக்கு, ஆருட்டப் போய்ச் சொல்றது எண்டு தெரியல்ல. அப்படி நிக்கிற ஆக்களுக்குத்தான் இத எழுதுறன். கடிதத்தக் கையில எடுத்துக்கிட்டு எங்கெங்க ஏறி இறங்கணுமோ அந்த வரிசையில சொல்லிக்கிட்டுப் போறன்.

எல்லாத்துக்கும் முதல் ஒண்டு. நம்ம ஆக்கள் றோட்டுக்கு மனுக் குடுக்கிறதுல குறையே வைக்கிறதில்ல, எம்.பி.க்கு குடுப்பாங்க, ஆளுநருக்கு குடுப்பாங்க, கச்சேரிக்கு குடுப்பாங்க, ஆனா அந்த றோட்டு எந்த ஒபிஸ்ட பொறுப்புல கிடக்கு எண்டு விசாரிச்சு அந்த ஒபிசுக்கு குடுக்கிறவங்க குறைவு. பிழையான மேசைக்குப் போன கடிதம் "உரிய நடவடிக்கைக்காக" எண்டு இன்னொரு மேசைக்குப் போகும், அங்க இருந்து மூணாவது மேசைக்குப் போகும், அதுக்குள்ள அடுத்த மாரி வந்திரும். அதனால முதல் வேல, றோட்டுக்குப் பொறுப்பான ஒபிஸ் எது எண்டு கண்டுபிடிக்கிறது. மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

அமைச்சும் அதுக்கு கீழ இருக்கிறவங்களும்

கொழும்புல இருக்கிற அமைச்சுட பெயர் அரசாங்கம் மாறுற நேரமெல்லாம் மாறும். 2024 நவம்பர்ல போக்குவரத்து, நெடுஞ்சாலை, துறைமுகம், சிவில் விமானம் எல்லாம் சேந்து ஒரே அமைச்சா இருந்தது, 2025 ஒக்டோபர் அமைச்சரவை மாத்தத்துல துறைமுகமும் விமானமும் பிரிஞ்சு போக, போக்குவரத்து, பெருந்தெருக்கள், நகர அபிவிருத்தி அமைச்சு எண்டு ஆச்சு, முந்தின அமைச்சுக்கும் இந்த அமைச்சுக்கும் அமைச்சர் பிமல் ரத்நாயக்கதான். பெயர் மாறுதே எண்டு குழம்பத் தேவையில்ல, ஏனெண்டா கீழ இருக்கிற நிறுவனங்கள் அப்படியே இருக்கும். றோட்டுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை, அதத்தான் எல்லாரும் ஆர்.டி.ஏ. எண்டு சொல்றது, 1981ஆம் ஆண்டு 73ஆம் இலக்கச் சட்டத்தால உண்டான நிறுவனம். பஸ்சுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையும் (இ.போ.ச.) தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும். ரயிலுக்கு ரயில்வே திணைக்களம்.

இதுல புதுசா வாற ஆக்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டியது, இலங்கையில இருக்கிற எல்லா றோட்டும் அமைச்சுக்கு கீழ வராது. 1987இல வந்த 13ஆவது திருத்தத்தோட தேசிய நெடுஞ்சாலை தவிர்ந்த றோட்டுகள் மாகாண சபைக்குப் போச்சு, ஊருக்குள்ள இருக்கிற றோட்டுகள் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைட கையில. கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டெம்பரோட முடிஞ்சுது, அதுக்குப் பிறகு தேர்தல் நடக்கல்ல, அதனால மாகாணத்து அலுவல் ஆளுநரும் செயலாளர்மாரும் பாக்குறாங்க, திணைக்களங்கள் வழமை போல வேல செய்யுது. உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது, எங்கட பக்கத்துல கல்முனை மாநகர சபைக்கு மட்டும் அண்டைக்கு நடக்கல்ல, ஆகவே மத்த இடங்கள்ல உங்கட வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இப்ப இருக்கிறார், அவர்ர போன் நம்பர எடுத்து வச்சிருங்க.

றோட்டு ஆருட எண்டு பாக்கிறது எப்படி

றோட்டுகளுக்கு தரம் இருக்கு. ஏ, பி ரெண்டும் ஆர்.டி.ஏ. சி, டி ரெண்டும் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மிச்சம் ஊர் வீதி, குறுக்கு வீதி, ஒழுங்கை எல்லாம் சபை. வயலுக்குப் போற றோட்டுகள் வேற கதை, வாய்க்கால் கட்டு, குளக்கட்டு எண்டா நீர்ப்பாசனத் திணைக்களம், அதுலயும் மத்தியது ஒண்டு மாகாணத்தது ஒண்டு இருக்கு, வெள்ளாம வட்டைக்குள்ள போற பாதைகளுக்கு கமநல சேவை நிலையத்துல கேக்கணும்.

எங்கட பக்கத்து ஏ றோட்டுகள பாடமாக்கி வச்சிருந்தாலே பாதிக் குழப்பம் தீரும். கொழும்புல இருந்து இரத்தினபுரி, வெல்லவாய சுத்தி பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி தாண்டி கல்லடிப் பாலத்தால மட்டக்களப்புக்குள்ள வாறது ஏ 4. பேராதனையில வெளிக்கிட்டு பதுளையால செங்கலடிக்கு வந்து முட்டுறது ஏ 5. மட்டக்களப்புல இருந்து ஏறாவூர், வாழைச்சேனை, வாகரையால திருகோணமலைக்குப் போறது ஏ 15. ஹபரணை, பொலன்னறுவையால வந்து திருக்கொண்டியாமடுவில சேர்றது ஏ 11. இந்த றோட்டுகள்ல ஒரு கிடங்கு விழுந்திருந்தா தவிசாளரப் பிடிச்சு கேக்கிறதுல பிரயோசனம் இல்ல, அவர் விருப்பப்பட்டாலும் சபைக் காசுல அதத் தொட ஏலாது.

மிச்சத்துக்கு என்ன செய்றது? ஏ, பி றோட்டுகள்ல கரையோரம் கிலோமீற்றர் கல் நிக்கும், அதுல றோட்டு இலக்கமும் கிடக்கும், அதப் போய்ப் பாருங்க. கல் இல்லாட்டி பிரதேச சபைக்குப் போய் தொழில்நுட்ப உத்தியோகத்தரச் சந்தியுங்க, ரீ.ஓ. எண்டு கேட்டா காட்டுவாங்க. சபையில வீதிப் பதிவேடு ஒண்டு இருக்கும், அதுல உங்கட வீதிட பெயர், நீளம், அகலம் இருக்கா எண்டு பாக்கச் சொல்லுங்க. இருந்தா சபைட றோட்டு. இல்லாட்டி "அப்ப இது ஆருக்கு கீழ வருது" எண்டு அங்கயே கேளுங்க, அநேகமா அவருக்குத் தெரியும். சபைக்குப் போகும்போது எந்த சபை எண்டதுலயும் கவனம், ஊர்ப் பெயரும் சபைப் பெயரும் ஒண்டா இராது. செங்கலடி ஆக்களுக்கு ஏறாவூர்ப் பற்று பிரதேச சபை, களுவாஞ்சிகுடிக்கு மண்முனை தென் எருவில் பற்று, வெல்லாவெளிக்கு போரதீவுப் பற்று, வவுணதீவுக்கு மண்முனை மேற்கு. ஏறாவூர் நகரத்துக்கும் காத்தான்குடிக்கும் நகர சபை, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுக்கு மாநகர சபை. அக்கரைப்பற்றுல மாநகர சபையும் இருக்கு, பிரதேச சபையும் இருக்கு, வீடு எந்த எல்லைக்குள்ள எண்டு ஜீ.எஸ்., அதாவது கிராம சேவகர், சொல்லுவார்.

ரெண்டு இடத்துல ஆக்கள் வழமையா பிசகுறாங்க. ஒண்டு, போட்டவங்கதான் சொந்தக்காரர் எண்டு நினைக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கிட கடனுல நடந்த ஐ-றோட் திட்டத்துல கிழக்குல கனக்க கிராமத்து றோட்டுகள் கார்பெட் ஆச்சு, வேல நடத்தினது ஆர்.டி.ஏ., அதுக்காக அந்த றோட்டெல்லாம் ஆர்.டி.ஏ.ட றோட்டாகிறதில்ல. எம்.பி. காசுல போட்டதும், நிறுவனம் ஒண்டு வந்து போட்டுக் குடுத்ததும் அப்படித்தான், பலகையில ஆர்ர பெயர் இருந்தாலும் பராமரிப்பு சபைக்கோ மாகாணத்துக்கோதான். மத்தது தனியார் பாதை. காணி துண்டு துண்டா பிரிச்சு விக்கிற இடங்கள்ல நில அளவைப் படத்துல பாதை எண்டு போட்டிருப்பாங்க, ஆனா அது சபைக்கு கையளிக்கப்பட்டிருக்காது. அப்படிக் கையளிக்காத பாதையில சபை காசு போட ஏலாது. அந்தப் பாதையப் பாவிக்கிற காணிக்காரர் எல்லாரும் கையொப்பம் வச்சு சபைக்கு குடுத்து, சபை தீர்மானம் எடுத்து வீதியா ஏத்துக்கொண்ட பிறகுதான் கொங்கிறீற் பத்திக் கதைக்கலாம். காணி வாங்கப் போறவங்க அட்வான்ஸ் குடுக்க முதல் இத சபையில போய்க் கேளுங்க, பிறகு கேட்டு வேலையில்ல.

அளந்து, படம் எடுத்து

ஒபிசுக்குப் போக முதல் உடைஞ்ச இடத்துக்குப் போங்க. அளவு நாடா ஒண்டு, போன், ஒரு கொப்பி, இது போதும். கிடங்குட நீளம், அகலம், ஆழம் மூணையும் அளந்து எழுதுங்க. படம் எடுக்கும்போது நாடாவ கிடங்குக்கு மேலால விரிச்சு வச்சு எடுங்க, அப்பத்தான் பாக்கிற இஞ்சினியருக்கு அது ஒரு சாண் கிடங்கா ஒரு பாகம் கிடங்கா எண்டு விளங்கும், சும்மா தண்ணி நிக்கிற படத்துல ஒண்டும் விளங்காது. இன்னொரு படம் தூரத்துல நிண்டு, பக்கத்துல இருக்கிற கோயில், பள்ளி, ஸ்கூல் மதில், லைட் போஸ்ட் இலக்கம் எதாவது விழுற மாதிரி. போன்ல லொக்கேசன் போட்டு எடுத்தா இன்னும் நல்லம்.

மதகு உடைஞ்சிருந்தா கொஞ்சம் குனிஞ்சு உள்ள பாருங்க. நான் பாத்த கனக்க இடத்துல மேல தட்டு வெடிச்சதுக்கு காரணம் பாரம் ஏத்தின டிப்பர் மட்டும் இல்ல, கீழ ஆத்துவாழை, பிளாஸ்டிக், சல்பீனியா அடைச்சு தண்ணி போக வழியில்லாம பக்கத்து மண்ண அரிச்சுக்கிட்டுப் போயிருக்கும், குழாய்க்கும் கரை மண்ணுக்கும் இடையில கை போற அளவு இடைவெளி கிடக்கும். அதப் படம் எடுங்க. மேல இருக்கிற வெடிப்ப மட்டும் காட்டினா மேல பூசிட்டுப் போயிருவாங்க, அடுத்த மாரிக்கு திரும்ப இறங்கும். அதோட மதகுக்கு எந்தப் பக்கத்துல இருந்து தண்ணி வருது, எந்தப் பக்கம் போகுது, போற பக்கத்துல ஆராவது மதில் கட்டி அடைச்சிருக்காங்களா எண்டும் எழுதுங்க. இதச் சொல்ல ஊர்ல சில பேருக்கு விருப்பமிராது, சொந்தக்காரன்ட மதிலா இருக்கும், ஆனா இத மறைச்சா எவ்வளவு காசு கொட்டினாலும் அந்த றோட்டு நிக்காது.

கடிதம்

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். ஊர்ட வரலாறு, யுத்தம், சுனாமி, ஆக்கள் பட்ட கஷ்டம் எல்லாம் உண்மைதான், ஆனா ரீ.ஓ.வுக்குத் தேவை இடம், அளவு, என்ன வேல வேணும், எத்தின குடும்பம் பாவிக்குது எண்ட நாலும்தான். சபைட றோட்டு எண்டா "செயலாளர்" எண்டு போட்டு தவிசாளருக்கு பிரதி, மாகாண றோட்டு எண்டா அந்தப் பகுதி நிறைவேற்றுப் பொறியியலாளர், ஆர்.டி.ஏ. றோட்டு எண்டாலும் அதே மாதிரி ஆர்.டி.ஏ.ட நிறைவேற்றுப் பொறியியலாளர், அவருக்கு மேல பிரதம பொறியியலாளர், அதுக்கு மேல மாகாணப் பணிப்பாளர். எடுத்த எடுப்புல பத்தரமுல்லைக்கு அமைச்சுட செயலாளருக்கு எழுதாதீங்க, அங்க இருந்து அது திரும்பி இதே இஞ்சினியருக்குத்தான் வரும். கடிதத்துட நடுப்பகுதி இப்படி இருந்தா போதும்:

"எமது கிராமத்தின் பாடசாலை வீதியில், பிள்ளையார் கோயிலிலிருந்து கிழக்கே சுமார் 200 மீற்றர் தூரத்தில் உள்ள மதகின் வடக்குப் பக்கம் 1.5 மீற்றர் நீளத்துக்கு அரிக்கப்பட்டுள்ளது. மதகின் உட்பகுதி அடைபட்டுள்ளது. இவ்வீதியை 140 குடும்பங்களும் பாடசாலை மாணவர்களும் பயன்படுத்துகின்றனர். முதற்கட்டமாக அடைப்பை அகற்றி, அரிக்கப்பட்ட பகுதியை நிரப்பித் தருமாறும், மதகைத் திருத்துவதற்கான மதிப்பீட்டைத் தயாரித்து எமக்கு அறியத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். அளவுகளும் 4 புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன."

இதுல கவனிக்க வேண்டியது கடைசிக் கோரிக்கை ரெண்டா இருக்கு. சின்ன வேலைக்கு பராமரிப்புக் காசுல இருந்து உடன செய்யலாம், அடைப்ப எடுக்க, கிடங்க மூட, கிறவல் போட இதெல்லாம் அதுல வரும். பெரிய வேலைக்கு தனி நிதி ஒதுக்கணும். ரெண்டையும் சேத்து "கார்பெட் போட்டுத் தாங்க" எண்டு மட்டும் கேட்டா நிதி இல்ல எண்ட பதிலோட முடிஞ்சிரும், கிடங்கும் அப்படியே கிடக்கும்.

ஜீ.எஸ்.ட சிபாரிசு எடுங்க, சங்கத்துட சீல் குத்துங்க, மாதர் சங்கமும் கையொப்பம் வச்சா இன்னும் நல்லம். நேர குடுக்கப் போனா ரெண்டு பிரதி கொண்டு போங்க, ஒண்ட குடுத்திட்டு மத்ததுல திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்க. தபால்ல எண்டா பதிவுத் தபால், அந்தத் துண்டக் கடிதத்துட பிரதியிலேயே பின் பண்ணி வைங்க. வட்ஸ்அப்ல அனுப்பினன், போன்ல சொன்னன் எண்டது பிறகு ஒரு இடத்துலயும் எடுபடாது. தமிழ்ல எழுதுறதுக்குத் தயங்க வேணாம், அமைச்சுக்கோ கொழும்புத் தலைமை ஒபிசுக்கோ எழுதினாலும் தமிழ்ல எழுதி தமிழ்ல பதில் வாங்குற உரிமை அரசியலமைப்புட மொழி அத்தியாயத்துலயே கிடக்கு.

எந்த மாசத்துல குடுக்கிறது

இது ஆக்கள் அவ்வளவா கணக்கெடுக்காத விசயம், ஆனா நான் பாத்த வரைக்கும் இதுலதான் கூடுதலான மனுக்கள் தோத்துப் போகுது. எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவக்காத்தோட, நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும். றோட்டு உடையுறது அப்பத்தான், ஆக்களுக்கு கோவம் வாறதும் அப்பத்தான். ஆனா அரசாங்கத்துட நிதி வருசம் ஜனவரியில தொடங்கி டிசம்பர்ல முடியுது, சபைகள்ட பட்ஜெட் வருசம் முடிய முதல் நிறைவேறியிரும், அடுத்த வருசத்துக்கான திட்டங்கள ஒபிஸ்கள் கேட்டு எடுக்கத் தொடங்குறது வருசத்துட நடுப்பகுதியில. டிசம்பர்ல மனுக் குடுத்தா நடப்பு வருசத்துக் காசு முடிஞ்சிருக்கும், வாற வருசத்துத் திட்டமும் மூடியிருக்கும்.

அதனால இப்படிச் செய்யுங்க. மாரியில தண்ணி நிக்கும்போதே படம் எல்லாம் எடுத்து வைங்க, ஏனெண்டா மே மாசம் வெயிலுக்க போய் எடுத்தா அங்க தண்ணி நிண்டதுக்கு அடையாளமே இராது. ஜனவரி கடைசி, பெப்ரவரியில சின்னத் திருத்தத்துக்கு கடிதம் குடுங்க, மழை விட்ட அந்தக் காலம்தான் வேல செய்ய வாய்ப்பான காலம். பெரிய வேலைக்கான கடிதத்த மே, ஜூனுக்குள்ள குடுத்து, அத பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கும் போடுவியுங்க, டி.எஸ். ஒபிஸ்ல, அதாவது பிரதேச செயலகத்துல, நடக்கிற கூட்டம் அது. ஒரு ஊர்ல இருந்து பத்து றோட்டுக்கு பத்து கடிதம் போனா பத்தும் பின்னுக்குப் போகும், சங்கத்துல இருந்து கதைச்சு முதல் ரெண்டு எது எண்டு நீங்களே முடிவெடுத்து வரிசையாக் குடுங்க. அந்தக் கதையில சண்ட வரும்தான், வரட்டும், ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போற றோட்டு முதல்ல வரணும்.

வெள்ள நேரத்து அலுவல் இதுக்குள்ள வராது. றோட்டுக்கு மேலால தண்ணி பாயுது, மரம் விழுந்து கிடக்கு, பாலம் இறங்குது எண்டா கடிதம் எழுதிக்கிட்டு இருக்காம அனர்த்த முகாமைத்துவ நிலையத்துட 117க்கு அடியுங்க, ஜீ.எஸ்.க்கும் பொலிசுக்கும் சொல்லுங்க. கிரான் புலிபாய்ந்தகல் பக்கம் ஒவ்வொரு மாரிக்கும் தண்ணி றோட்ட மூடுறதும் ஆக்கள் தோணியில போறதும் எங்களுக்குப் பழகிப் போச்சு, பழகினதுதான் பயம். 2024 நவம்பர்ல காரைதீவு மாவடிப்பள்ளியில தண்ணி பாயுற றோட்டால வந்த ட்ரக்டர் அள்ளுப்பட்டு மதரசாவுல ஓதின பிள்ளைகள் மௌத்தானாங்க, அந்தப் பிள்ளைகள நினைச்சாவது தண்ணி பாயுற றோட்டுல வாகனத்த இறக்காதீங்க. ஓட்டுற ஆளுக்கு றோட்டுட விளிம்பு தெரியாது, கீழ அரிச்சிருக்கிறதும் தெரியாது, முழங்கால் அளவு ஓட்டத் தண்ணி வாகனத்தத் தள்ளப் போதும். அப்படியான இடத்துக்கு ரெண்டு பக்கமும் விளிம்பு காட்டுற கட்டைகளும் நீர்மட்ட அளவுகோலும் கேட்டு எழுதுங்க, அதுக்குப் பெரிய காசு வேணாம், அத மழைக்கு முதல் செப்டெம்பர்லயே கேளுங்க.

பதில் வரல்லயா

ரெண்டு மாசம் பாருங்க. பிறகு நினைவூட்டல் கடிதம் ஒண்டு, முதல் கடிதத்துட திகதியப் போட்டு. அதுக்கும் பதில் இல்லாட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். இத சண்டைக்கு எடுக்கிற ஆயுதம் எண்டு நினைச்சு நம்ம ஆக்கள் ஒதுங்குறாங்க, அப்படி இல்ல, நீங்க தகவல்தான் கேக்கிறீங்க, ஏன் கேக்கிறன் எண்டு காரணம்கூட சொல்லத் தேவையில்ல. ஒவ்வொரு அரச ஒபிசுலயும் தகவல் அலுவலர் ஒருத்தர் இருக்கணும், அவருக்கு எழுதிக் குடுத்து, ஏத்துக்கொண்டதுக்கு எழுத்துல பற்றுச்சீட்டு வாங்குங்க. எழுத ஏலாதவங்க வாயால சொன்னா அவர் எழுதிக்கொள்ளணும். 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். இல்லை எண்டாலோ பதிலே வராட்டியோ 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்துட குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூணு கிழமைக்குள்ள முடிவு சொல்லணும், அதுவும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்புல இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

என்ன கேக்கிறது எண்டதுலதான் கெட்டித்தனம் இருக்கு. "ஏன் றோட்டுப் போடல்ல" எண்டு கேட்டா அது தகவல் இல்ல, அதுக்கு ஒரு பந்தி நியாயம் வரும், அவ்வளவுதான். இப்படிக் கேளுங்க: இந்த வீதி எந்த நிறுவனத்துட பதிவேட்டுல இருக்கு, என்ன தரம், கடைசியா எந்த ஆண்டு, எந்த நிதியில, எவ்வளவு செலவுல திருத்தப்பட்டது, ஒப்பந்தக்காரர் ஆர், மதிப்பீட்டுட பிரதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எப்ப முடியுது. கடைசிக் கேள்வி பெரிய கேள்வி. கொந்தராத்துக்காரர் வேலைய முடிச்சுக் குடுத்த பிறகும் ஒரு காலத்துக்கு, கனக்க ஒப்பந்தத்துல ஒரு வருசம், அந்த வேலையில வாற பிழைய அவர் தன்ட செலவுல திருத்தணும், அதுக்காக அவர்ர காசுல ஒரு பகுதிய பிடிச்சு வச்சிருப்பாங்க. போட்டு எட்டு மாசத்துல கொங்கிறீற் பொரிஞ்சா புது நிதி தேடி அலையத் தேவையில்ல, அந்தக் காசு விடுபட முதல் எழுத்துல முறைப்பாடு குடுத்தா போதும். இது தெரியாம காலம் போன பிறகு ஓடித் திரியிற ஊர்கள் எத்தினையோ.

வேல தொடங்கினா

பெக்கோ வந்து நிண்ட உடன எல்லாரும் சந்தோசப்பட்டு வீட்டுக்குள்ள போயிர்றாங்க, அப்பத்தான் வெளிய நிக்கணும். வேலைப் பலகையில திட்டத்துட பெயர், நிதி, தொகை, கொந்தராத்துக்காரர், தொடங்குற முடியிற திகதி இருக்கா எண்டு பாத்து படம் எடுங்க. மதிப்பீட்டுட பிரதிய ஒபிஸ்ல கேட்டு எடுங்க, அதுல நீளம், அகலம், தடிப்பு எல்லாம் போட்டிருக்கும்.

கொங்கிறீற் றோட்டுல முதல் பாக்க வேண்டியது உயரம். எங்கட எழுவான்கரைப் பக்கம் வளவுகள் ஏற்கனவே தாழ்வு, கடலுக்கும் வாவிக்கும் நடுவுல மணல் நிலம், மாரியில நிலத்தடித் தண்ணி மேல வந்திரும். பழைய றோட்டக் கிளறாம அதுக்கு மேலயே கொட்டினா றோட்டு உயர்ந்து ரெண்டு பக்கத்து வளவும் கிடங்காகும், தண்ணி முழுக்க வீட்டுக்குள்ள. கானும் இல்லாட்டி சொல்ல வேணாம். இத வேல தொடங்க முதல், ரீ.ஓ. கயிறு பிடிக்கிற அண்டைக்கே பக்கத்துல நிண்டு கேளுங்க, முடிவு மட்டம் எங்க வருது, தண்ணி எந்தப் பக்கம் இறங்குது, கான் இந்த மதிப்பீட்டுல இருக்கா எண்டு. கொட்டின பிறகு கேட்டா அவராலயும் ஒண்டும் செய்ய ஏலாது.

கலவையில சைட்டுல வச்சு தண்ணி கூட ஊத்துறாங்களா எண்டு பாருங்க, பரப்ப லேசா இருக்கும் எண்டு ஊத்துவாங்க, பலம் போயிரும். கொட்டின பிறகு குறைஞ்சது 7 நாளாவது ஈரமா வச்சிருக்கணும், எங்கட வெயிலுக்கு சாக்கப் போட்டு தண்ணி ஊத்தினா நல்லம், அது ஊர் ஆக்களே செய்யலாம், ஒவ்வொரு வீட்டு வாசலையும் அந்தந்த வீட்டுக்காரர் பாத்தா முடிஞ்சுது. ட்ரக்டர், டிப்பர ரீ.ஓ. சொல்ற நாள் வரைக்கும் விடாதீங்க. கார்பெட் எண்டா மழை தூறும்போதோ கீழ ஈரமா இருக்கும்போதோ போட விடாம இஞ்சினியருக்கு உடன போன் அடியுங்க. வேல செய்ற பெடியன்களோட வாய்த்தர்க்கப்பட வேணாம், அவங்களுக்கு சொன்ன வேலையத்தான் செய்றாங்க, கதைக்க வேண்டியது மேற்பார்வை செய்ற ஆளோட.

வீடு கட்டுறவங்களுக்கு

பிரதான றோட்டோரம் காணி எண்டா மதிலோ கடையோ கட்ட முதல் கட்டிட எல்லை, அதாவது றோட்டுல இருந்து எவ்வளவு தள்ளிக் கட்டணும் எண்டத, எழுத்துல எடுங்க. சபையில வீதிக்கோடு, கட்டிட எல்லைச் சான்றிதழ் தருவாங்க, பேங்க் லோனுக்கும் அது கேப்பாங்க. ஏ, பி றோட்டு எண்டா ஆர்.டி.ஏ.ட அனுமதியும் வேணும், 2008ஆம் ஆண்டு 40ஆம் இலக்க தேசிய பெருந்தெருக்கள் சட்டத்துல அந்த அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு விட்டிருக்கார் எண்டு பாத்து கட்டாதீங்க, அவர் கட்டினது எல்லை குறிக்க முதலா இருக்கலாம், நாளைக்கு றோட்டு அகலிக்கும்போது எல்லைக்குள்ள கட்டினதுக்கு நட்டஈடு கேட்டு நிக்க ஏலாமப் போகும்.

தண்ணி பைப் எடுக்க றோட்ட வெட்டணும் எண்டாலும் அதே கணக்கு, ஆருட றோட்டோ அவங்கட அனுமதி, திருத்துறதுக்கான காசு கட்டி ரிசீற் எடுத்த பிறகுதான் வெட்டலாம். இரவோடிரவா வெட்டி மண்ணப் போட்டு மூடுற ஆக்கள் இருக்காங்க, அந்த இடத்துலதான் மறுகா ஒரு பெடியன் சைக்கிளோட விழுறது.

பஸ் விசயம்

சுருக்கமாச் சொல்றன். மட்டக்களப்பு கொழும்பு, கல்முனை கொழும்பு மாதிரி மாகாணம் தாண்டி ஓடுற தனியார் பஸ் எண்டா தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, முறைப்பாட்டுக்கு 1955. மட்டக்களப்பு அக்கரைப்பற்று மாதிரி மாகாணத்துக்குள்ள ஓடுறது எண்டா கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. சிவப்பு பஸ் எண்டா அந்த டிப்போ மனேஜர். எதுக்கும் பஸ்சுட இலக்கம், நேரம், ஏறின இடம், டிக்கட் நாலும் வேணும். டிக்கட் தராட்டி கேட்டு வாங்குங்க, அது இல்லாம முறைப்பாடு நிக்கிறது கஷ்டம். எந்த ஒபிஸ் எண்டே விளங்காட்டி அரச தகவல் மையம் 1919, தமிழ்லயே கதைக்கலாம்.

கடைசியா, இவ்வளவையும் ஒரு பைல்ல போட்டு வைங்க, அளவு எழுதின கொப்பி, படங்கள், முத்திரை குத்தின பிரதி, பதிவுத் தபால் துண்டு, வந்த பதில்கள், சந்திச்ச உத்தியோகத்தர்ட பதவியும் திகதியும். இஞ்சினியர்மார் இடமாற்றமாகிப் போவாங்க, சங்கத்துட நிர்வாகமும் மாறும், புதுசா வாற இஞ்சினியருக்கு முன்னால அந்த பைல விரிச்சு வச்சா கதை முதல்ல இருந்து தொடங்கத் தேவையில்ல. பைல செயலாளர்ட வீட்டு அலுமாரியில வைக்காம சங்கக் கட்டிடத்துல வைங்க, பொதுக் கூட்டத்துல புது நிர்வாகத்துக்கு கணக்குப் புத்தகம் கையளிக்கும்போது இதையும் சேத்து கையளிச்சு கையொப்பம் வாங்குங்க.